டிசம்பரில், ஆசையாக, இங்கே

ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகை முடிந்தால் எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. வாப்பா தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து கதிரையில் உட்கார்ந்துவிடுவார். நான் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, முக்காட்டைச் சரிசெய்து, தொண்டையைச் செருமிக்கொள்வேன். எங்கள் ஆலங்குடாக் கரையின் காற்று மட்டும் யார் சொல்லும் கேளாமல் தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருக்கும். கேப் டவுனில் அப்போது பகல் சாப்பாட்டு நேரம். அங்கே ஒரு வீட்டில் என் ராத்தாவின் மகள் கையைக் கழுவிவிட்டு வந்து போனின் முன்னால் உட்காருவாள். அவளோடு கதைப்பதற்காகத்தான் நான் ஆப்ரிகான்ஸ் படித்தேன். வேறு எந்தக் காரணத்துக்காகவும் இந்த வயதில் ஒருத்தி அந்த மொழியின் வினையடைகளை எங்கே வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டாள்.

ராத்தா என் அக்கா, கட்டாருக்கு வேலைக்குப் போனவள். அங்கே கேப் டவுன் முஸ்லிம் ஒருவரைக் கண்டு, கலியாணம் முடித்து, அவருடைய ஊருக்கே போய்விட்டாள். ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை ஓடித் திரிகிற வயதில் ராத்தா நோயில் விழுந்து மவுத்தானாள். ஜனாஸா அடக்கத்தை நாங்கள் போனில்தான் பார்த்தோம். பிள்ளையின் தகப்பனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் நிற்பதைவிடக் கடலில் நிற்பது அதிகம். அதனால் பிள்ளையை வளர்ப்பது அவருடைய மூத்த சகோதரி, முறைக்குப் பிள்ளையின் மாமி. அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. எங்கள் பக்கத்தில் உம்மாவும் போய்விட்டார். மிச்சம் வாப்பாவும் நானும். வாப்பா தன் ஒரே பேரப்பிள்ளையை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் இருந்த பெரிய கவலை அது ஒன்றுதான்.

பிள்ளையை ஒரு விடுமுறைக்கு அனுப்பலாமா என்று மாமியிடம் ஒருமுறை நான் இங்கிலீஷில் கேட்டிருந்தேன். என் இங்கிலீஷ் ஹோட்டல் இங்கிலீஷ். கடற்கரையில் பட்டம் கட்டி அலைமேல் ஓட வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் நான் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அறைச் சாவி, சுடுதண்ணீர், காலைச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அந்த இங்கிலீஷ் போதும். பிள்ளை கேட்பதற்குப் போதவில்லை. மாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்கே வந்து அவள் யாரோடு கதைப்பாள்? உங்கள் மொழி அவளுக்குத் தெரியாது. அவளுடைய மொழி உங்களுக்குத் தெரியாது."

அந்தச் சிரிப்பில் எனக்குப் பற்றி எரிந்தது. கோபம் வந்தால் நான் அழுகிற சாதி இல்லை, ஏதாவது செய்துவிடுகிற சாதி. அடுத்த நாளே போனில் ஆப்ரிகான்ஸ் பாடங்களைத் தேடிப் பிடித்து, காதில் செருகிக்கொண்டு வேலைக்கு நடந்தேன். யாரோடு கதைப்பாள் என்றா கேட்டீர்கள்? என்னோடு கதைப்பாள்.

தொடக்கம் எளிதாகத்தான் இருந்தது. அவர்களுடைய 'ஜி' எழுத்தின் ஒலி, மதரஸாவில் தொண்டையின் அடியிலிருந்து எடுக்கச் சொல்லிப் பழக்கிய அதே ஒலி. என் நாக்குக்கு அது முன்பே பாடம். ஆப்ரிகான்ஸ் ஒல்லாந்தர் மொழியில் பிறந்தது. அவர்கள் எங்கள் கற்பிட்டியில் கோட்டையை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை என்பதும் தெரியவந்தது. அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்போம், அங்கேயும் அது கந்தோர். வீட்டு முன்பக்க இஸ்தோப்பு அங்கே ஸ்தூப். அச்சாறுகூட அங்கே அச்சார்தான். சொற்கள் சொந்தக்காரர் மாதிரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தன. வசனம்தான் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றது.

எங்கள் கதையில் 'நாளைக்கு', 'மெதுவா', 'இங்க' எல்லாம் கட்டாக்காலி ஆடுகள். எங்கே நின்றாலும் பொழுதுபட வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். நாளைக்கு மெதுவா இங்க வா என்றாலும் சரி, இங்க மெதுவா வா நாளைக்கு என்றாலும் சரி, வருகிறவன் வருவான். ஆப்ரிகான்ஸில் அந்தச் சலுகை இல்லை. வினை முன்னால் வந்துவிட வேண்டும். பிறகு எப்போது, அதற்குப் பின் எப்படி, அதற்கும் பின் எங்கே. இரண்டாவது வினை ஒன்று இருந்தால் அது வாலில். 'நாளைக்கு' என்று தொடங்க ஆசைப்பட்டால் தொடங்கலாம். ஆனால் உடனே வினை இரண்டாவது கதிரையில் ஏறி உட்கார்ந்துவிடும், 'நான்' என்பவன் எழும்பி அதற்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். சொந்த வசனத்தில் எனக்கே இருக்க இடம் இல்லை.

இந்த வரிசையைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு 'ஸ்டொம்பி' என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் பழக்குவார்களாம். ஒவ்வொரு எழுத்தும் ஒரு இடத்துக்கு. அந்தச் சொல்லுக்குச் சிகரெட் கட்டை என்று பொருள் என்பதைப் பிள்ளைதான் எனக்குச் சொன்னாள், சொல்லிவிட்டு மாமிக்குக் கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். முன்பல் இரண்டு விழுந்த வாய். நான் ஒரு வசனத்தைப் பிழையாகச் சொன்னால் அவள் பிழை என்று சொல்ல மாட்டாள். அதே வசனத்தைச் சரியாக அடுக்கி, மெதுவாக, எனக்குத் திருப்பிச் சொல்வாள். ஆசிரியர்களிடம் அடிவாங்கிப் படித்த எனக்கு அந்தப் பொறுமை நெஞ்சைப் பிசைந்தது. ராத்தாவும் என் கொப்பியைத் திருத்தும்போது இப்படித்தான் இருப்பாள்.

வாப்பாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "என்னத்துக்குப் புள்ள இந்தப் பாஷ? இங்கிலீசு காணாதா?" என்றார். பிறகு அவரே ஒவ்வொரு ஞாயிறும் கூடக்கூட நெருங்கி உட்காரத் தொடங்கினார். போன் வைத்ததும், "இண்டைக்கு என்ன சொன்னா? என்னைக் கேட்டாளா? சாப்பிட்டாளாமா?" என்று துளைத்துவிடுவார். திரையில் தெரிகிற முகத்தின் கன்னத்தை விரலால் தட்டிவிட்டு, கண்ணாடியில் பட்ட கைரேகையைச் சாரத்தின் நுனியால் துடைப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. பாடத்தை இன்னும் ஒரு தரம் போட்டுக் கேட்பேன்.

கடைசியில் ஒரே ஒரு வசனத்துக்காக நான் உயிரை விட்டேன். 'அவளை டிசம்பரில் ஆசையாக இங்கே வைத்திருக்க விரும்புகிறோம்.' டிசம்பரில்தான் அவர்களுக்கு நீண்ட பள்ளி விடுமுறை. 'டிசம்பரில்' முன்னுக்கு, 'ஆசையாக' நடுவில், 'இங்கே' பின்னுக்கு. 'ஆசையாக' என்பதற்கு அவர்களிடம் ஒரு சின்னச் சொல் இருக்கிறது: ஹ்ராஹ். முன்னாலும் தொண்டை, பின்னாலும் தொண்டை. 'வைத்திருக்க' என்பது எல்லாவற்றுக்கும் பின்னால் வரும். விரும்புகிறோம் என்று தொடங்கிவிட்டு, எதை விரும்புகிறோம் என்று கடைசிச் சொல்வரை சொல்லாமல் இழுக்கிற அந்த வசனம் என்னைத் தூங்கவிடவில்லை. வைத்திருக்க என்றால் எடுத்துக்கொள்ள என்று மாமி நினைத்துவிட்டால்? விடுதியில் துவாய் மடிக்கும்போது அதையே வாய்விட்டுச் சொன்னேன். மீன்காரனுக்காகக் காத்து நிற்கும்போது சொன்னேன். ஒரு ஜெர்மன்காரி என்னைத் திரும்பிப் பார்த்து, சுகமில்லையா என்று கேட்டாள்.

ஒரு ஞாயிறு அதைக் கேட்டுவிடுவதென்று முடிவெடுத்தாயிற்று. வாப்பாவுக்கும் தெரியும். அவர் வெள்ளைச் சேட் போட்டிருந்தார். இரண்டு கையையும் முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போனில் பிள்ளை தெரியவில்லை, மாமி மட்டும் தெரிந்தார். நல்ல முக்காடு ஒன்றைக் கட்டி, கந்தோருக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் ஸலாம் சொல்லி, வசனத்தின் முதல் சொல்லை வாயில் எடுத்தேன். அதற்குள் அவர் தொடங்கிவிட்டார். எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக, ஆப்ரிகான்ஸில்.

"டிசம்பரில் பள்ளி விடுமுறை. பிள்ளையை உங்களிடம் அனுப்பட்டுமா? உங்கள் வாப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கள்."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இத்தனை மாதம் நான் கேட்கப் பயந்ததை அவரே கேட்கிறார். வாப்பாவின் பக்கம் திரும்பி, "வாப்பா, டிசம்பர்ல புள்ளைய அனுப்பட்டுமா எண்டு கேக்கிறாங்க" என்றேன். வாப்பாவின் கண் நிறைந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்தார். பிறகு தலையை ஒருபக்கம் சாய்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, சபையில் பேசுகிற குரலில் சொன்னார்:

"சே சே, என்னத்துக்கு உங்களுக்குக் கரைச்சல்? புள்ள அங்கேயே நிம்மதியா இரிக்கட்டும்."

நான் அதை அப்படியே சொன்னேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம், அவள் அமைதியாக அங்கேயே இருக்கட்டும். 'அமைதியாக' முன்னால், 'அங்கே' பின்னால், 'இருக்கட்டும்' அதன் இடத்தில். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. நான் படித்த காலத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு வசனம் என் வாயிலிருந்து வந்ததே இல்லை. சொல்லிவிட்டு நானும் வாப்பாவும் சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தோம்.

எதற்குக் காத்திருந்தோம்? இரண்டாம் தரம் கேட்பதற்கு. எங்கள் ஆட்களில் யார்தான் முதல் தரம் கேட்டவுடனே ஓம் என்பார்? தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்றால் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றால் ஐயோ வேண்டாம், வீட்டில் ஆக்கி வைத்திருக்கிறது. கேட்டவர் கையைப் பிடித்து இழுத்து மறுபடி கேட்பார், அதற்குப் பிறகுதான் உட்காருவோம். முதல் வேண்டாம் ஒரு மரியாதை, வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. அதைக் கேட்டு யாரும் வந்தவர் திரும்பிப் போகிறார் என்று நினைப்பதில்லை. மொழிபெயர்த்த எனக்குமே அது மறுப்பாகப் படவில்லை. வாப்பா ஓம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார் என்றுதான் என் காதில் விழுந்தது.

மாமி சற்று நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு மெல்ல, கிட்டத்தட்டத் தனக்குள்ளே, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்தச் சொல்லுக்கு எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. சரி, அப்படியே ஆகட்டும் என்று சொல்லி, பிள்ளைக்குத் தலையிடி, இன்றைக்குக் கதைக்க மாட்டாள் என்று சொல்லி, போனை வைத்துவிட்டார்.

வாப்பா என்னைப் பார்த்தார். "லைன் கட்டாப் போச்சா?"

"இல்ல வாப்பா. வெச்சிட்டாங்க."

"அப்ப வாற கெழம கேப்பாங்க," என்றார் வாப்பா. அவருக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. நானும் நம்பினேன், நம்ப விரும்பினேன். ஆனால் அந்த அல்ஹம்துலில்லாஹ் மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது. மறுக்கப்பட்டவர் ஏன் இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்?

அந்தக் கிழமை வாப்பா புத்தளம் போய் நுளம்பு வலை ஒன்று வாங்கி வந்தார். சின்னது, ரோஸ் நிறம். ராத்தாவின் அறையில் கட்டிலுக்குமேல் கட்டிப் பார்த்து, உயரம் போதாது என்று அவிழ்த்து, மறுபடி கட்டினார். கிணற்றைச் சுற்றி மூங்கில் தடுப்பு அடித்தார். வெளிநாட்டுப் பிள்ளை, கிணறு தெரியாது என்றார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயைத் திறந்தால் ஏதாவது கெட்டதைச் சொல்லிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாமி டிசம்பரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சுகம் விசாரித்தார், காற்று எப்படி என்றார். பிள்ளை எங்கே என்றேன். உள்ளே இருக்கிறாள் என்றார். கூப்பிடுங்கள் என்றேன். அவர் பக்கவாட்டில் திரும்பிக் கூப்பிட்டார். ஒரு கதவு அடித்துச் சாத்தப்பட்டது, இங்கே எங்களுக்குக் கேட்கும்படி.

"அவள் வரமாட்டாளாம்," என்றார் மாமி. "நீங்கள் அன்றைக்குச் சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தாள். தாத்தாவுக்கு என்னை வேண்டாமாம் என்று ஒரு கிழமையாக அழுகிறாள். நான் என்ன சொல்வது? நீங்கள் அவ்வளவு தெளிவாகச் சொன்னீர்கள்."

இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிச் சொல்லியிருந்தால் பிள்ளைக்குப் பாதி விளங்காமல் போயிருக்கும். வரிசையைக் குழப்பிச் சொல்லியிருந்தால் அவள் வழக்கம்போலச் சிரித்து, திருத்திச் சொல்லியிருப்பாள். அவளுடைய மொழியில், அவள் பழக்கிய வரிசையில், திருத்த ஒன்றுமே இல்லாத ஒரு வசனத்தால் அவளை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். போன் எப்படி வைக்கப்பட்டது என்று எனக்கு நினைவில்லை.

வாப்பா கேட்டார், "டிசம்பரப் பத்திக் கேட்டாங்களா?"

என் வாயில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. "கேக்க மாட்டாங்க வாப்பா! நீங்க வேணாம் எண்டு சொன்னீங்க, அவங்க வேணாம் எண்டு எடுத்துட்டாங்க. புள்ள பக்கத்துல இரிந்து கேட்டிரிக்கா. மூத்தாப்பாக்கு நான் வேணாமாம் எண்டு அழுறாளாம். ஒரு வாய் ஓம் எண்டு சொன்னா என்ன கொறஞ்சிடும்? எப்பவும் இந்த வீறாப்புத்தான்!"

வாப்பாவின் முகம் வெளிறிப்போனது. "நான் வேணாம் எண்டா சொன்னேன்?" என்றார். நிஜமாகவே கேட்டார். அவர் நினைவில் அவர் ஓம் என்றுதான் சொல்லியிருந்தார்.

வீறாப்பு என்று நான் சொன்னது சரியில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறில், வடக்கு முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, இந்தக் கரையில் ஓலைக் கொட்டிலில் குடியிருந்தவர்கள் நாங்கள். நான் கைக்குழந்தை. ஒரு கலியாண வீட்டில் வாப்பா எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற சகன் தட்டில் கை வைத்தவுடன், 'அகதிகளுக்கு நல்ல பசிபோல' என்று யாரோ சிரித்திருக்கிறான். வாப்பா கையை எடுத்துவிட்டு எழும்பி வந்துவிட்டார். மற்றவர்களுக்கு முதல் வேண்டாம் மரியாதை. வாப்பாவுக்கு அது மானம். கேட்டவுடன் கை நீட்டியவன் என்று இனி ஒருவனும் சொல்லக்கூடாது என்று அன்றோடு முடிவெடுத்த மனிதர். இரண்டாம் தரம் கேட்காத வீடுகளிலிருந்து வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார், எனக்குத் தெரிந்தே. இந்தத் தரம் அப்படி வெறும் வயிற்றோடு திரும்பப் பார்த்தது பேரப்பிள்ளை விஷயத்தில்.

அவர் எழும்பி வெளியே போனார். மஃரிப் தொழப் பள்ளிவாசலுக்குப் போய், இரவு இஷாத் தொழுகையும் முடித்துத்தான் வந்தார். சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அடுத்த நாள் நான் வேலை முடிந்து வரும்போது வாப்பா கதிரையில் இருந்தார். அதே வெள்ளைச் சேட். "போன எடு புள்ள," என்றார். "இண்டைக்கு ஞாயிறு இல்லயே வாப்பா." "எடு எண்டு சொல்றேன்."

மாமி உடனே எடுத்தார். முக்காடு இல்லை, அடுப்படியில் நின்றார், முகம் வியர்த்திருந்தது. விடுதியிலிருந்து வரும் வழியெல்லாம் நான் ஒரு பேச்சை அடுக்கி வைத்திருந்தேன், எப்போது, எப்படி, எங்கே எல்லாம் ஒழுங்காக. அவர் முகத்தைக் கண்டதும் எல்லாம் கொட்டிச் சிதறிவிட்டது. எங்கள் வீட்டில் முதல் வேண்டாம் வேண்டாம் இல்லை என்றேன். வாப்பா அவளை ஆசையாக, மிக, எப்போதும், இங்கே, டிசம்பரில், ஆசையாக என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். வினையே இல்லை. நுளம்பு வலை வாங்கிவிட்டார் என்றேன். கிணற்றைச் சுற்றி அடைத்துவிட்டார் என்றேன். அதற்குப் பிறகு எனக்கு எந்த மொழியும் வரவில்லை. அழுகிற சாதி இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், அது இங்கே பொய்யாகிறது.

மாமி அடுப்பை அணைத்தார்.

"உங்கள் ராத்தா ஆஸ்பத்திரியில் என்னிடம் வாக்கு வாங்கினாள்," என்றார் பிறகு. "பிள்ளையை ஒருமுறையாவது வாப்பாவிடம் காட்ட வேண்டும் என்று. அதனால் கேட்டேன். நீங்கள் வேண்டாம் என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றிரவு தொழுதுவிட்டு அதற்காக வெட்கப்பட்டேன். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது."

"ஏன்?" என்றேன்.

"உங்கள் முகத்தை நீங்கள் பார்ப்பதில்லையா? அவள் உம்மாவின் முகம் அது. அந்த முகம் இப்போது அவள் மொழியும் கதைக்கிறது. அங்கே வந்தால் அவள் ஏன் என்னிடம் திரும்பி வருவாள்?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு, அவர் சொன்னது முழுப்பொய்யும் இல்லை என்பது உறைத்தது. ராத்தாவின் அறையில் அந்த வலை தொங்குவதைப் பார்த்து, இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் என்ன என்று ஒருநாள் காலை நான் நினைத்திருக்கிறேன். அவரிடம் அதை நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். 'யாரோடு கதைப்பாள்' என்று அன்று அவர் சிரித்ததும் இந்தப் பயத்தில்தான். ஒரு பிள்ளையின் இரண்டு பக்கத்திலும் நின்று இழுக்கிற இரண்டு பெண்கள். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் அந்த இடத்தில் விட்டுப்போனது.

"நீங்களும் கூட வாங்க," என்றேன். வசனம் சரியா பிழையா என்று பார்க்கவில்லை.

"நானே கூட்டிவருவேன்," என்றார் அவர், உடனே, கண்டிப்பாக. "நானே திருப்பிக் கூட்டிப்போவேன். அதற்குச் சம்மதமா?"

நெஞ்சில் எங்கோ சுருக்கென்றது. "சம்மதம்."

"அப்படியானால் எனக்குச் சம்மதம். ஆனால் அவளை நான் இழுத்துக்கொண்டு வரமாட்டேன். வேண்டாம் என்ற சொல்லைக் காதால் கேட்டவள் அவள். அவளே சொல்லட்டும்."

போனை எடுத்துக்கொண்டு நடந்தார். திரையில் ஒரு சுவர், ஒரு கதவு, ஒரு கட்டில். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாமி போனை அவள் தலையணையில் வைத்துவிட்டு விலகினார். எங்களுக்குத் தெரிந்தது ஒரு காதும் கொஞ்சம் முடியும். நான் ஸலாம் சொன்னேன். உன் சாச்சி வந்திருக்கிறேன் என்றேன். மூச்சு மட்டும் கேட்டது, அடைத்த மூக்கின் மூச்சு.

வாப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். கேட்கவில்லை, வாங்கினார். முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"மகள், மூத்தாப்பா அண்டைக்குச் சொன்னது பொய். எனக்கு நீங்க வேணும். வாங்க மகள்."

அவர் யாரிடமும் எனக்கு வேணும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் மொழிபெயர்த்தேன். தாத்தா அன்றைக்குப் பொய் சொன்னார், தாத்தாவுக்கு நீ வேணும், வா. எந்தச் சொல்லை எங்கே வைத்தேனோ தெரியாது. பிள்ளை திருத்தவில்லை. அந்தக் காது அசையவில்லை. மாமி எங்கோ மூக்கை உறிஞ்சினார்.

பிறகு பிள்ளை மெல்லத் திரும்பினாள். வீங்கிய கண். என்னைத் தேடவில்லை, வாப்பாவைத்தான் பார்த்தாள். ஒரே ஒரு சொல் கேட்டாள்.

"என்ன கேக்கிறா?" என்றார் வாப்பா, கண்ணை எடுக்காமல்.

"உண்மையாவா எண்டு கேக்கிறா."

"ஓம்," என்றார் வாப்பா, நான் சொல்லி முடிக்குமுன்னே. "ஓம் மகள். ஓம்."